ஆறிய பின்

"எஞ்சின் முழுதாகக் குளிர்ந்த பின்
ஹெட் நட்டுகளை மீண்டும் முறுக்குக"
என்கிறது குறிப்பேடு.
எழுதியவருக்கு மே மாதத்து ராயபுரம் தெரியாது.
இங்கே இரும்பு குளிராது.
அதிகபட்சம், ஆறும்.

நேற்று மாலை நின்ற இடத்திலேயே
இருமுறை ஓடவிட்டுச் சூடேற்றினோம், பத்துப் பத்து நிமிடம்.
நீலப்புகை முதல் மாடிக்கு ஏறி
ஜெசிந்தா அக்காவின் துவைத்த புடவைகளில் உட்கார்ந்தது.
அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

அப்புறம் நான் ராத்திரி டியூட்டிக்குப் போய்விட்டேன்.
கீழ்ப்பாக்கம். ரத்த வங்கி.
பைகள் நாலு டிகிரியில் அடுக்கியிருக்கும் பெட்டியை
திறக்கும்போதெல்லாம்
என் யெஸ்டியின் தலையைக் கொஞ்ச நேரம்
இதற்குள் வைத்தால் என்ன என்று தோன்றியது.

நாலரைக்கு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினேன்.
தண்ணீர் மோட்டாருக்கும்
யாரோ காலிசெய்தபோது விட்டுப்போன கட்டிலுக்கும் நடுவே
டேங்க் கழற்றிய வண்டி.
புறங்கையை வைத்துப் பார்த்தேன்.
காற்றுக்கு இருந்த சூடுதான் அதற்கும்.
இதற்குமேல் இந்த ஊரில் ஆறாது.
ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள்,
அவர்கள் எஞ்சின் இறக்கியவர்கள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நான்கையும் முறுக்கியவன் மகிமைராஜ்.
கேரம் போர்டில் மூலைக்கு மூலை குறிபார்ப்பவன்போல
ஒரு கண்ணை மூடி, மூச்சைப் பிடித்து.
டார்க் ரெஞ்ச் டிக் என்றபோதெல்லாம்
என்னைத் திரும்பிப் பார்த்தான்.
அதையே இப்போது நான் மறுபடி முறுக்கப்போகிறேன்,
அவன் மேலே தூங்கும்போது.

செம்பு கேஸ்கெட் முதல் சூட்டில் அமுங்கும்.
யார் கை முறுக்கியிருந்தாலும் அமுங்கும்.
கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில்
இதை அவனிடம் சொல்ல ஒரு வாக்கியம்
என்னிடம் சேரவில்லை.

முதல் நட்டு. கால்வட்டம் தளர்த்தி இறுக்கினேன்.
பழைய இடத்தைத் தாண்டி ஓர் அரிசி நீளம் போய், டிக்.
எதிர்மூலை. அரை அரிசி.
மூன்றாவதும் கிட்டத்தட்ட அவ்வளவே.
நாலாவதில் சோம்பல். தளர்த்தாமலே ரெஞ்சை வைத்தேன்.
உடனே டிக். இம்மியும் நகரவில்லை.
நல்ல நட்டு என்று எழுந்துவிட்டேன்.

எங்கள் லேபில், எடுத்த எடுப்பில் ஒத்துப்போகும் ரத்தத்தை
இன்னொருத்தி இன்னொரு முறை பார்க்காமல்
வெளியே அனுப்பமாட்டோம்.
திரும்ப உட்கார்ந்தேன்.

தளர்த்தும்போது கரக் என்று ஓர் ஓசை.
கழற்றினால் மரைக்குள் காவிநிறப் பொடி.
நாலு நாளாக அது
துருவைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது.
துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மாட்டினேன்.
ஓர் அரிசி, இரண்டு, மூன்று,
போய்க்கொண்டே இருந்தது,
பயந்துபோய் நிறுத்த இருந்த நொடியில்
டிக்.

படியில் செருப்புச் சத்தம்.
லுங்கியை மடித்துக் கட்டியபடி மகிமைராஜ்.
ரெஞ்சைப் பார்த்தான்.
"நாலாவதா?"
நான் பதில் சொல்லவில்லை.
"அன்னிக்கே கரகரன்னுச்சு.
நீ பாத்துகினு இருந்த.
அதான் சொல்லல."

எண்ணெய்க் கையை அவன் லுங்கியில் துடைத்தேன்.

இங்கே உதைத்தால் ஜெசிந்தா அக்கா இறங்கி வருவார்.
டேங்க்கை மாட்டி, காசிமேடு வரை தள்ளினோம்.
வஞ்சிரத்துக்கு விலை கத்திக்கொண்டிருந்த கூட்டத்தின் ஓரத்தில்
ஆறாவது உதையில் கிளம்பியது.
யாரும் திரும்பவில்லை.
ஐஸ் பெட்டி தூக்கி வந்தவர் மட்டும்
"சைடு, சைடு" என்றார்.

ஐந்நூறு கிலோமீட்டரில் இன்னொரு முறை இறுக்க வேண்டும்.
மீட்டர் ஓடாது. வாங்கும்போதே ஓடவில்லை.
வீட்டிலிருந்து ரத்த வங்கி ஏழு, போகவர பதினாலு.
"முப்பத்தஞ்சு ராத்திரி" என்று கத்தினான்
வண்டிச் சத்தத்துக்கு மேலே.
"முப்பத்தாறு" என்றேன்.
ஆக்ஸிலேட்டரை விடாமல்
இன்னொரு கையின் விரல்களை மடித்து
மறுபடி போட்டுப் பார்த்தான்.